மூன்றாம் நம்பர் முத்திரை

சங்கக்கடை மனேச்சர் சிவபாதத்தாருக்குப் பெண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் அருள்மலர், நல்ல நிறம், நீட்டுத் தலைமயிர். இளையவள் ஜெயமலர், கறுப்பு, கைப்பலம். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சிவபாதத்தார் ஒரு பிழை விட்டார். மாப்பிள்ளையின் தாய்வழியை விசாரிக்கவில்லை.

விசாரித்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை நவரட்ணத்தின் தாய்மாமன் ஒருவர் கறுத்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்வந்து, தான் பிரக்கிராசி என்று பத்து வருஷம் ஊரை நம்பவைத்தவர். கடைசியில் பார்த்தால், ஒரு பிரக்கிராசிக்குப் பின்னால் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். கோட்டும் அந்தப் பிரக்கிராசி கழித்துக் கொடுத்ததுதான். பெரியதாயின் மகன் ஒருவன் கப்பலில் கப்டன் என்று சொல்லிப் பெண் எடுத்தான். கப்பலில் அவன் உருளைக்கிழங்கு உரித்தான். அந்த வழியில் வந்த நவரட்ணம் சீமெந்துத் தொழிற்சாலையில் இஞ்சினியர் என்று சொல்லி அருள்மலரைக் கட்டினார். தொழிற்சாலையில் இருந்தது உண்மை. ஸ்டோரின் கம்பி யன்னலுக்குப் பின்னால் நின்று, எழுதிய துண்டு கொண்டுவருகிறவர்களுக்கு ஆணியும் நட்டும் எடுத்துக் கொடுத்தார்.

ஊரில் இது கல்யாணம் முடிந்து ஆறாம் மாதமே வெளித்துவிட்டது. ஆனால் ஊரில் வெளித்தது எதுவும் ரொறன்ரோ விமான நிலையத்தைத் தாண்டி வருவதில்லையே! எண்பத்தாறில் வந்து இறங்கிய நவரட்ணம் மல்வேர்னில் மறுபடியும் இஞ்சினியர் ஆனார். பழைய மாணவர் சங்கத்தில் தலைவரும் ஆனார். சட்டைப்பையில் மூன்று பேனையும் ஓர் இரும்பு அடிமட்டமும் எப்போதும் இருக்கும். அளவெடுக்கிற கருவி ஒன்றைத் தோல் உறையில் போட்டு, கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கொண்டுபோவார். ஒருமுறை சாமத்தியவீட்டில் கேக்கை அளந்து பார்த்து, இடப்பக்கம் கால் அங்குலம் பதிந்து கிடக்கிறது என்று அறிவித்தார். சனங்களும் கேக்கைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்கள். அப்படியான சனங்கள் இருந்தால் அப்படியான இஞ்சினியர்களும் இருப்பார்கள்.

ஜெயமலரின் கதை வேறு. புருஷன் நெருப்புக்காய்ச்சலில் போய்விட, தொண்ணூறாம் ஆண்டு தொடக்கத்தில், பத்து வயது மகள் கஜனியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு நிலவறையான பேஸ்மென்ரில் வந்து இறங்கினாள். வந்து மூன்றாம் கிழமை அத்தான் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். தான் வேலைசெய்யும் இடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை.

இடம் ரெக்ஸ்டேலில், கஸ்பர் என்பவரின் பட்டறை. கஸ்பரிடம் வேலை என்று அத்தான் முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அருள்மலர் கேட்டாளாம்: "எந்தக் கஸ்பர்? பாசையூர்க் கஸ்பரோ?" இந்தக் கஸ்பர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த கிழவன். பெரிய ஆலைகளில் யந்திரத்தின் தண்டு சுழலுமல்லவா, அதை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டிருப்பது பெயரிங். பாதி பாதியாகப் பிளந்த இரும்பு ஓடு. உட்புறத்தில் ஒரு விரல் தடிப்பில் வெள்ளை நிறத்து மெதுவான உலோகம் வார்த்திருக்கும். வருஷக்கணக்கில் தண்டு உரசி உரசி அது தேய்ந்து, பாளம் பாளமாக வெடித்துப் போகும். தேய்ந்ததை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்துக் கொடுப்பதுதான் கஸ்பரின் தொழில். கஸ்பர் பின்பக்கம் கடைசல் யந்திரத்தில் நிற்பார். ஊற்றுகிற அறை முன்பக்கம், போர்மன் நவரட்ணத்தின் பொறுப்பில்.

மல்வேர்னிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு மூன்று பஸ். ஜெயமலர் இருட்டோடு புறப்படுவாள். அதே வீட்டிலிருந்து, அதே பட்டறைக்கு, அத்தானின் கார் முக்கால் மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டு அவளுக்கு முதல் போய்ச் சேரும். ஏன் அவளை ஏற்றவில்லை என்றால், போர்மன் துப்புரவுக்காரியோடு வந்து இறங்கினால் பட்டறையில் ஒழுங்கு கெடுமாம். மொத்தம் ஆறு பேர் வேலைசெய்கிற பட்டறை.

அங்கே போன முதல் நாளே ஜெயமலருக்கு ஒரு மணம் பிடிபட்டது. நவச்சாரம். ஊரில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச ஒரு மனிதன் வருவான்; படலைக்கு வெளியே குழி கிண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளும் ஈயமும் போட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பான். பாத்திரம் வெள்ளியாகும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. அந்தக் குற்றத்தை அவன் வீட்டுக்காரிகள் தலையில் போட்டு ஏசுவான். ஏச்சு வாங்கிய வீட்டுக்காரிகளில் ஜெயமலரும் ஒருத்தி.

இங்கேயும் அதேதான். உலோகத்தை வார்ப்பதற்கு முன் இரும்பு ஓட்டின் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசவேண்டும். அந்தப் பூச்சுத்தான் இரும்பையும் வார்ப்பையும் ஒட்டவைக்கும். நவரட்ணம் பூசினால் தேமல் விழுந்த முகம்போல அங்கங்கே பிடிக்கும், அங்கங்கே விடும். ஒருநாள் அவர் தேநீர் குடிக்கப் போன நேரம் ஜெயமலர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, சூடுகாட்டி, நவச்சாரமும் வெள்ளீயமும் போட்டு, ஒரே இழுப்பாக இழுத்தாள். திரும்பிவந்த நவரட்ணம் ஓட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஆர் உதைத் தொடச் சொன்னது?"

"பிழையோ அத்தான்?"

"பிழையில்லை. நான் செய்யிறதைப் பார்த்துப் பழகியிருக்கிறாய். இனி இதை நீயே செய். நான் பெரிய வேலையளைப் பாக்கிறன்."

அன்றிலிருந்து பூசுவதும் அவள், வார்ப்பதும் அவள். பெரிய வேலை என்று அவர் சொன்னது சங்கத்து இராப்போசன விருந்துக்கு ரெலிபோன் எடுப்பது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வார்த்து முடித்த ஓட்டின் முதுகில், வார்த்தவன் தன் நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கவேண்டும். கஸ்பருக்கு ஒன்று. நவரட்ணத்துக்கு மூன்று. மற்ற நம்பர்காரர்கள் செத்தும் விலகியும் போய்விட்டார்கள். போனவனின் நம்பரை வேறு எவருக்கும் கொடுக்கமாட்டார் கஸ்பர். ஒரு பெயரிங் பத்து வருஷம் கழித்துப் பழுதாகித் திரும்பிவந்தாலும், முதுகைப் பார்த்தால் யார் கை என்று தெரியும். ஜெயமலர் வார்த்தவற்றில் எல்லாம் மூன்று விழுந்தது. அதையும் அவளே அடித்தாள். அத்தானுக்கு மணிக்கட்டு நோவாம்.

நாலு வருஷம். தன் வேலையில் இன்னொருவன் நம்பரை நாலு வருஷம் தன் கையாலேயே அடித்தவளை என்னவென்று சொல்வது? பேஸ்மென்ரில் இருக்கிறோம் என்ற எண்ணம்தான். மேலே அக்கா நடக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாய் திறப்பது லேசில்லை. ஆனால் மனதில் அவள் ஒரு பெயரிங்கையும் மறக்கவில்லை. இது மா ஆலைக்குப் போனது, இது தண்ணீர்ப் பம்பிக்குப் போனது என்று, சிலர் பேரப்பிள்ளைகளைச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லுவாள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆவணியில் கஜனிக்குக் குடல்வால் வெட்டவேண்டி வந்தது. ஜெயமலர் இரண்டு கிழமை வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு கிழமையில் மூன்று பெயரிங் வெளியே போயின. இரண்டு திரும்பி வந்தன. கஸ்பர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்து, அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசி பிறந்து முதல் வியாழக்கிழமை அவர் ஜெயமலரைக் கடைசல் யந்திரத்தடிக்குக் கூப்பிட்டார். கஸ்பரின் ஆங்கிலம் அரைகுறை, இவளுடையது கால்குறை. ஆனாலும் அந்த இரண்டு பேருக்கும் இடையில் விளங்காமல் போனது என்று ஒன்றும் இல்லை. வடக்கே ஒரு காகித ஆலைக்குப் பெயரிங் ஒன்று வார்க்கவேண்டும். உரல் அளவு ஓடு. ஆலையில் ஓர் உருளை அதற்காக ஓடாமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லொறி வரும்.

"நாளைக்கு எனக்குப் பல் பிடுங்க வேண்டும். மூன்று மணிக்குத்தான் வருவேன்" என்றார் கஸ்பர். "இதை முழுக்க நீ செய். வந்து தட்டிப் பார்ப்பேன். மணிபோலக் கேட்டால் இதை அடி. திங்கட்கிழமையிலிருந்து நீ வார்க்கிற ஆள். கேட்காவிட்டால் துடைப்பத்தோடே இரு."

அவள் உள்ளங்கையில் ஒரு புது அச்சை வைத்தார். விரல் நீள உருக்குத் துண்டு, நுனியில் ஏழு.

அன்று மூன்று பஸ்ஸிலும் ஜெயமலர் அந்த அச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தாள். வீட்டில் கஜனிக்குக் காட்டினாள்.

"அம்மா, இவ்வளவு நாளும் உங்களுக்கு நம்பரே இல்லையா? தற்ஸ் நொற் ஃபெயர்!" என்றாள் கஜனி.

"கத்தாதை. மேலை கேக்கும்."

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஓட்டைக் கழுவினாள், சூடாக்கினாள், வெள்ளீயம் பூசினாள். பூச்சு ஈரமாக, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளத்தது. நடுவில் இரும்பு உருளையை நிறுத்தி, ஓட்டைச் சுற்றிக் கட்டி, இடுக்கெல்லாம் களிமண் பசையால் அடைத்தாள். பானையில் உலோகம் உருகி நின்றது. ஒரு மரக்குச்சியைத் தோய்த்துப் பார்த்தாள். குச்சி பற்றவில்லை, மண்ணிறமாகக் கருகி வந்தது. சரியான சூடு. இனி அகப்பையைத் தூக்கி ஊற்றவேண்டியதுதான். ஆளளவு இரும்பு அகப்பை. அதைத் தூக்குகிற சங்கிலி யந்திரத்தைப் பூட்டித் திறக்க ஒரு திறப்பு. திறப்பு போர்மனிடம்.

நவரட்ணம் வந்தார். அன்று கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கஸ்பர் இல்லாத நாளல்லவா!

"நிப்பாட்டு" என்றார்.

"ஏனத்தான்?"

"மணியைப் பார். பத்து முப்பத்தைஞ்சு. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ராகுகாலம் தொடங்கீட்டுது. பன்னிரண்டு மட்டும் ஒருத்தரும் ஊத்தப்படாது."

ஜெயமலர் முதலில் பகிடி என்று நினைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன டயறி ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார்.

"அத்தான், பூச்சு இப்ப ஈரமாக் கிடக்குது. இப்ப ஊத்தினாத்தான் ஒட்டும். ஆறவிட்டா எல்லாம் போச்சு."

"கஸ்பர் இல்லாமல் முதல்முதல் என்ரை பொறுப்பிலை நடக்கிற வேலை. கிழவன் நெடுக இருக்கப்போறானே? நாளைக்கு இந்தப் பட்டறை ஆற்றை கையிலை வருமெண்டு நினைக்கிறாய்? அந்தத் தொடக்கத்தை நான் ராகுகாலத்திலை வைக்கமாட்டன்."

"நாலு வருசத்திலை எத்தினை வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு ஊத்தியிருக்கிறன். அப்ப ராகு லீவிலை போனவரோ?"

"அது கஸ்பர்ரை பொறுப்பு. அவனுக்கு ராகுவைத் தெரியாது, ராகுவுக்கு அவனைத் தெரியாது."

ஜெயமலர் அடுப்பையும் பார்த்தாள், ஓட்டையும் பார்த்தாள். இனிப் பகிடிக்கு நேரமில்லை.

"சரி, அப்பிடித்தான் பாத்தாலும் இது ராகுகாலமில்லை அத்தான். கோடைக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள், இன்னும் திருப்பேல்லை. சூரியனுக்கு இப்ப ஒம்பதரை. நீங்கள் பன்னிரண்டுக்கு ஊத்தினாத்தான் ராகுகாலத்தின்ரை நட்டநடுவிலை ஊத்துவியள்."

நவரட்ணத்தின் முகம் ஒரு கணம் ஸ்டோர்க்கீப்பரின் முகமாகியது. துண்டில் எழுதியிருப்பதைத்தான் கொடுக்கலாம் என்ற முகம்.

"டயறியிலை பத்தரை எண்டு அடிச்சுக் கிடக்குது. அச்சடிச்சவன் விசரனோ?"

"அது மளிகைக்கடைக்காரன் சும்மா குடுத்த டயறி."

"நான் இஞ்சினியரோ, நீ இஞ்சினியரோ?"

திறப்பைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தேநீர் குடிப்பதும், ரெலிபோனில் யாருடனோ மண்டபத்துக் கதிரைகளைப் பற்றிக் கை ஆட்டிக் கதைப்பதும் தெரிந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஜெயமலர் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்தாள். மேல் விளிம்பால் பூச்சுத் தெரிந்தது. பளபளப்பு முதலில் பால்போல மங்கியது. பிறகு மஞ்சள் பாரித்தது. பிறகு சாம்பல்.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு நவரட்ணம் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

"பிரிச்சு, திரும்பப் பூசவேணும் அத்தான். ஒரு மணித்தியாலம் தாங்கோ."

"நாலு மணிக்கு லொறி. நெருப்பு ரோச்சைப் பிடிச்சுச் சூடாக்கினாச் சரி."

"சூடு வரும். பூச்சு செத்துப்போச்சு."

"செத்ததெண்டு நீயே மரணவிசாரணை நடத்தினனி? அங்காலை தள்ளு. முதல் ஊத்து என்ரை கையாலை."

தானே ஊற்றினார். நாலு வருஷத்தில் அவர் அகப்பையைத் தொட்டது ஆவணி மாதத்து அந்த இரண்டு கிழமையும் இன்றும்தான். ஊற்றும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். தேவாரமாக இருக்கலாம். உலோகத்துக்குத் தேவாரம் கேட்குமா?

ஆறவிட்டு ஒன்றேகாலுக்குப் பிரித்தார்கள். உட்புறம் வெள்ளி மாதிரி மின்னியது.

"பார்! கண்ணாடி! எங்கை உன்ரை செத்த பூச்சு?"

ஜெயமலர் சின்னச் சுத்தியலை எடுத்து ஓட்டின் முதுகில் தட்டினாள். நன்றாக ஒட்டிய பெயரிங் தட்டினால் நின்று ரீங்கரிக்கும். இது, சந்தையில் வெடித்த பானையைத் தட்டியதுபோல, டொப் என்றது.

நவரட்ணம் சுத்தியலைப் பறித்துத் தானே தட்டினார். டொப். இன்னும் பலமாகத் தட்டினார். டொப்.

"இந்தச் சுத்தியல் சரியில்லை. மற்றதை எடு."

மற்றதற்கும் டொப். தரை சரியில்லை என்று மரக்கட்டையில் தூக்கி வைத்துத் தட்டினார். பக்கத்தில் ஆள் நிற்பதால் சத்தம் அமுங்குகிறது என்று ஜெயமலரை நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னார். நின்றாள். டொப். பிறகுதான் அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாம் தீர்ந்தவர்போலத் திரும்பினார்.

"கஸ்பர் உனக்கு ஏழாம் நம்பர் தந்தவனெல்லே?"

அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் யோசிக்கவில்லை. பேஸ்மென்ரில் பேசினால் மேலே கேட்கும்.

"ஓம்."

"அப்ப எடுத்து அடி. இது உனக்குத் தந்த வேலைதானே. உன்ரை வேலை, உன்ரை நம்பர்."

நாலு வருஷம் அவள் வார்த்த நல்லதெல்லாம் மூன்று. அவர் கெடுத்தது ஒன்று, அது ஏழு! ஜெயமலர் பதில் சொல்லாமல் நின்றாள். அவர் அதைச் சம்மதமென்று எடுக்கவில்லை; அவ்வளவுக்கு மூளை இருந்தது. அலுவலக அறைக்குப் போய் ரெலிபோனைச் சுழற்றினார். கொஞ்சத்தால் கண்ணாடியில் தட்டி அவளைக் கூப்பிட்டார். மறுமுனையில் அருள்மலர்.

"ஜெயா, என்னடி உவருக்குக் கரைச்சல் குடுக்கிறியாம்?"

"அக்கா, அவர் வேலையைப் பழுதாக்கிப்போட்டு என்ரை நம்பரை அடிக்கச் சொல்லுறார்."

"நம்பர் என்னடி நம்பர், லொத்தர் நம்பரே? அவர் சங்கத் தலைவர். அவர் பிழை விட்டதெண்டு வெளியிலை போனா நாங்கள் நாலுபேருக்கு முன்னாலை எப்பிடிப் போறது? நீ கூட்டித் துடைக்கிறனிதானே. ஒரு பேச்சு வாங்கினா முடிஞ்சுது."

"பேச்சில்லை அக்கா. இது பழுதெண்டா நான் சாகுமட்டும் துடைப்பத்தோடைதான். கஸ்பர் சொல்லிப்போட்டார்."

"இஞ்சை பார். குளிருக்கு முன்னம் பேஸ்மென்ரை வேறை ஆக்களுக்குக் குடுக்கலாமெண்டு அவர் எத்தினை நாளாச் சொல்லுறார் தெரியுமே? நான்தான் சகோதரமெண்டு தடுத்து வைச்சிருக்கிறன்."

கஜனியின் கட்டிலும், கட்டிலுக்கு மேலே ஓடுகிற கொதிநீர்க் குழாயும் ஜெயமலரின் கண்ணுக்குள் வந்தன.

"இப்ப நான் என்ன செய்ய?"

"புதிசா ஒண்டும் செய்யவேண்டாம். வழக்கமா என்ன செய்யிறனியோ அதையே செய். அவர் பேரைக் காப்பாத்து."

"சரியக்கா" என்றாள் ஜெயமலர். "வழக்கமாச் செய்யிறதையே செய்யிறன்."

ரெலிபோனை வைத்தாள். பக்கத்தில் நின்ற நவரட்ணத்துக்கு அந்தக் கடைசி வசனம் காதில் விழுந்தது, தேனாக விழுந்தது. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் இருந்து சாப்பிட்டார். வறுத்த மீன். பட்டறைக்குள் சாப்பிட்டால் மணக்குமாம்.

ஜெயமலர் ஊற்றுகிற அறைக்குப் போனாள். ஏழாம் நம்பர் அச்சு அவளுடைய மேலங்கிப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. தட்டிலிருந்து வழக்கமான அச்சை எடுத்தாள். ஓட்டைக் குப்புறக் கவிழ்த்து, வழக்கமான இடத்தில் வைத்து, வழக்கம்போல ஒரே அடி. மூன்று. அழகாக விழுந்தது. நாலு வருஷப் பழக்கமல்லவா.

பிறகு மண்ணெண்ணெயைத் தொட்டு, இரும்பும் வார்ப்பும் சந்திக்கும் விளிம்பெல்லாம் பூசினாள். ஊற விட்டாள். சீலைத்துண்டால் துடைத்துக் காயவிட்டு, அதன் மேல் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியின் தூளைத் தடவினாள். ஒட்டாத இடத்துக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் கறுத்தக் கோடாக ஏறியது. முக்கால் வட்டத்துக்கு ஓடியது கோடு. அப்படியே மேசையில் தூக்கி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். கூட்டிய இடத்தையே மூன்று தரம் கூட்டினாள்.

மூன்று மணிக்குக் கஸ்பர் வந்தார். ஒரு கன்னம் வீங்கி, வாய் ஒரு பக்கம் விறைத்து, எச்சில் வடிய வடிய. நேரே மேசைக்குப் போனார். தட்டினார். ஒருமுறைதான் தட்டினார். பிறகு வெண்கட்டியில் ஓடிய கோட்டை விரலால் தொடாமல் காற்றிலே வரைந்துகொண்டு போனார்.

"யார் ஊற்றியது?"

"இவள்தான்" என்றார் நவரட்ணம். ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு வந்தது அவருக்கு. "நான் எவ்வளவோ சொன்னேன். பூச்சு ஆறமுன் ஊற்று என்று சொன்னேன். கேட்கவில்லை. இந்தப் பெண்களுக்கு எங்கள் ஊர் மூடநம்பிக்கைகள் அதிகம், மிஸ்டர் கஸ்பர். நேரம் பார்க்கிறாள்."

ஜெயமலருக்குக் கால் ஆங்கிலம்தான். ஆனால் ‘நேரம்’ விளங்கியது. துடைப்பத்தில் பிடித்த பிடி இறுகியது.

கஸ்பர் ஓட்டை இரண்டு கையாலும் புரட்டினார். முதுகில் மூன்று. நவரட்ணத்தைப் பார்த்தார். நவரட்ணம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் திருநீறு மட்டும்தான் இருந்தது.

"இது... இது நான் அடித்ததில்லை! இவள் அடித்தது! என்னுடைய நம்பரை எப்போதும் இவள்தான் அடிக்கிறவள்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. இதை இல்லை என்றால், நாலு வருஷத்து மூன்றுகள் எல்லாம் இல்லை. அவையெல்லாம் தன்னுடையவை என்றால், இதுவும் தன்னுடையதுதான். தாய்மாமன் பத்து வருஷம் போட்டுத் திரிந்த கறுத்தக் கோட்டுக்குக்கூட இப்படி ஒரு இக்கட்டு வரவில்லை.

"எப்போதும்?" என்றார் கஸ்பர். பிறகு ஜெயமலர் பக்கம் திரும்பினார். "எவ்வளவு காலம்?"

"ஃபோர் இயர்" என்றாள் ஜெயமலர்.

கஸ்பர் சிரித்தார். விறைத்த வாயால் சிரித்ததில் எச்சில் சேட்டில் வடிந்தது; துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார். லொறிக்காரனைத் திருப்பி அனுப்பினார். காகித ஆலைக்கு ரெலிபோன் எடுத்து ஏச்சு வாங்கினார். போகும்போது ஜெயமலரிடம் ஒரே சொல்தான்: "நாளைக்கு."

நாளைக்கு என்றால் சனிக்கிழமை. டயறியில் சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை என்று போட்டிருந்தது. ஜெயமலர் விடிய வந்து, பழுதான வார்ப்பை உருக்கி வடித்து, முதுகில் இருந்த மூன்றை அராவித் தேய்த்து, ஓட்டைக் கழுவி, திரும்பப் பூசி, பூச்சின் ஈரம் மாறமுன் ஊற்றினாள். ஊற்றும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. கஸ்பர் பிற்பகல் தட்டிப் பார்த்தார். சத்தம் அறையைச் சுற்றி வந்து நின்று தேய்ந்தது. ஏழாம் நம்பரை எடுத்து அடித்தாள். வழக்கமில்லாத அச்சல்லவா, கொஞ்சம் சரிந்து விழுந்துவிட்டது. இன்னொருமுறை அடிக்கலாமா என்று கேட்டாள். அடிக்கக்கூடாது, அதுதான் இனி உன் ஏழு என்று சொல்லிவிட்டார் கிழவர்.

நவரட்ணம் ‘ராஜினாமா’ செய்தார். பேஸ்மென்ரை விடச்சொல்லி அருள்மலர் வாயால் கேட்கவில்லை. ஆனால் சூட்டுக் கருவி அந்தக் கிழமை திடீரென்று மேலே மட்டும் வேலைசெய்தது. கார்த்திகையில் ஜெயமலரும் கஜனியும் ரெக்ஸ்டேலில், பட்டறைக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, ஒன்பதாம் மாடிக்குப் போனார்கள். ஓர் அறைதான். கஜனி சாமான்களை இறக்கமுன் யன்னலுக்கு ஓடினாள்.

"அம்மா, வீ ஹாவ் எ றியல் விண்டோ! பேஸ்மென்ரிலை மாதிரி ஆக்கள்ரை காலில்லை, வானம் தெரியுது!"

நவரட்ணத்துக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. விமான இஞ்சினியரிங் என்று மல்வேர்ன் சொல்கிறது. கம்பி யன்னலுக்குப் பின்னால் நின்று, துண்டு கொண்டுவருகிறவர்களுக்குக் கையுறையும் திருகாணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. மனிதன் போன தூரம் எவ்வளவு, வந்து நின்ற இடம் எது என்று பாருங்கள்.

அடுத்த வருஷம் ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீடு. அத்தான், அக்கா, ஜெயமலர் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திவிட்டார்கள். நவரட்ணம் தோல் உறையை மேசையில் வைத்துவிட்டு, சங்கத்துச் செயலாளர் சூசைதாசனுக்குப் பழைய பட்டறைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"...அவ்வளவு பெரிய பெயரிங். ஒருத்தருக்கும் பழுது தெரியேல்லை. வெளிக்குக் கண்ணாடி மாதிரிக் கிடக்குது. நான்தான் ஒரு தட்டுத் தட்டிப்போட்டுச் சொன்னன், இதை அனுப்பாதையுங்கோ எண்டு. அந்தக் காகித ஆலையையே காப்பாத்தினது நான். எல்லாம் அனுபவம்."

சூசைதாசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு, மரியாதைக்கு, ஜெயமலர் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சியும் அங்கைதானே வேலை? உண்மையோ தங்கச்சி?"

அருள்மலர் தேநீர் எடுக்க எழும்பினாள். நவரட்ணம் உறையைத் திறந்து அந்த அளவுகருவியைக் கையில் எடுத்தார். அளப்பதற்கு மேசையில் ஒன்றும் இருக்கவில்லை.

ஜெயமலர் ரோல்ஸைக் கடித்து, மென்று, விழுங்கி முடித்தாள்.

"ஓம் அண்ணை" என்றாள். "அதிலை அத்தான்ரை நம்பர்தான் கிடந்தது. போய்ப் பாக்கலாம், படமெடுத்துக் கஸ்பர் சுவரிலை கொழுவி வைச்சிருக்கிறார்."